வான்கோழித் துவட்டல்

அடுதற்றொழிலைப்பற்றித் தமிழ் மாணவர் எழுதுதல் தகுமோ என ஐயுறுவார் எம் விடுதியிலேயே சிலர் உளர். நளன் ஒரு நாட்டின் மன்னன். வீமனோ பாண்டவருள் வலியிற் சிறந்தோன். அவ்விருவர் பெயராலேயே நல்ல சமையலை நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் நம்மவர் இன்றும் பாராட்டுகின்றனர். பெண்டிர் ஒருவர் பெயராலேனும் அப்பாராட்டு வழங்காமை வியப்பே. நாள்தோறும் அடுப்பின்முன் நிற்பவர் அவர், புகழ் கொண்டவர் இவர்! அது கிடக்க, இரவில் வீடு திரும்பிய ஒருவர் அரைமணி நேரத்திற் செய்து முடிக்கத்தக்க ஒரு கறியை, அதன் காரண காரியங்களோடு ஈண்டு ஆராய்வாம்.

எம் ஊராகிய திருத்தணியில் வாழ்வார் பலர் விடியற்காலையில் மின்சார வண்டியேறிச் சென்னைக்குச் சென்று பணிபுரிந்து, இருட்டிய பின்னரே மீள்கின்றனர். இடைத்தொலைவு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஒருவழிப் பயணத்துக்கே இரண்டு மணி நேரம் வேண்டும். அங்ஙனம் மீள்வாருட் பெண்டிரும் பலர். ஒரே வண்டியில் வந்திறங்கிய இருவருள் ஆடவர் கைகால் கழுவிக்கொண்டு அமர்கின்றார். பெண்மணியார் அடுப்படிக்குட் புகுகின்றார். புலாலுணவு ஞாயிற்றுக்கிழமைக்கென ஒதுக்கப்பெற்றமைக்கு அதன் விலை மட்டுமே காரணம் என்று யாம் கருதவில்லை. மசாலை அரைத்தல், வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குதல், இறைச்சியை நெடுநேரம் வேகவைத்தல் ஆகிய இவற்றிற்கு வேண்டும் பொழுது வாரநாளிற் கிடைப்பதில்லை என்பதும் அத்துணைப் பெரிய காரணமே. ஆகவே, இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த ஒரு கறி விரைவில் முடியுமாயின், அதனால் மிச்சமாவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் ஓய்வுநேரம் என்பதை இக்கட்டுரையைப் பயில்வார் நினைவிற்கொள்க.

விரைவு வேண்டின் இறைச்சியைச் சிறிதாக்குதல் வேண்டும். கறிக்கடைக்காரர் புளியமரக்கட்டையின்மேல் வைத்துக் கத்தியாற் கொத்தித் தருவதை நம் நாட்டார் கொத்துக்கறி என்பர். கைமா என்றலும் உண்டு. பொறியில் அரைத்து வாங்குதலும் இக்காலத்து வழக்கம். வெப்பம் ஒரு துண்டத்தின் நடுவிடத்தை அடைதற்கு வேண்டிய நேரம் அத்துண்டத்தின் கனத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் நேரம் பாதியாவதன்று. ஏறத்தாழக் காற்பங்காகும் என்பது இயற்பியலார் கணக்கு. எனவே விரலளவு கனமுடைய துண்டம் வேகும் பொழுதில் மிகச் சிறு பகுதியே கொத்துக்கறிக்குப் போதும். விறகு அரிதாயிருந்த சீன நாட்டார் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே கைக்கொண்டு, எல்லாவற்றையும் சிறுகச் சிறுக அரிந்து, குழிந்த இருப்புச்சட்டியிற் பெருந்தீயின்மேல் ஓயாது கிளறிச் சில நிமிடங்களிற் சமைத்தெடுத்தனர். அம்முறைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை ஆக்கியவர் புவெய் யாங் சாவ் என்னும் சீனப் பெண் மருத்துவர். 1945-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சமையல் நூலிலேதான் அச்சொல் தோன்றிற்று. அவர் கணவர் யுவன் ரென் சாவ் புகழ்பெற்ற மொழிநூல் வல்லுநர். சமையற்கட்டும் மொழியாராய்ச்சியும் ஒரே வீட்டில் இருந்தமையாற்போலும் அச்சொல் அத்துணைப் பொருத்தமாக அமைந்தது.

தமிழில் இதற்கு எச்சொல் ஏற்றது? வறுத்தல், பொரித்தல், வதக்கல், பிரட்டல், துவட்டல் எனச் சொற்கள் பல உள. வதக்கல் என்பது வதங்கச் செய்தல். இலையும் பூவும் வெயிலில் வாடுவதுபோல் மெல்லத் துவளச் செய்தலை அது குறிக்கும். நாம் எடுத்துக்கொண்ட கறியிலோ காய் துவளலாகாது; பல்லிற் பட்டு முறிதல் வேண்டும். பொரித்தல் நிறைந்த எண்ணெயையும் நினைப்பூட்டுவது. துவட்டல் என்னும் சொல்லையே யாம் தெரிந்துகொண்டோம். நீராடியபின் தலையைத் துவட்டுகின்றோம்; ஈரத்தைப் போக்குதலே அதன் பொருள். சமையலிலும் ஈரம் சுவறச் செய்த கறியே துவட்டற்கறி. இக்கறியின் மறை முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது என்பதைப் பின்னர்க் காண்பாம். எம் ஊர் 1960-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பெறும் வரையில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நகரியும் புத்தூரும் இன்றும் எமக்கு அண்மையூர்களே. ஆகவே இங்குள்ள வீடுகளில் இதனை வேப்புடு என்பாரும் உளர். தமிழில் வேதல் என்றால் பெரும்பாலும் நீரில் வேதலையே கருதுகின்றோம். தெலுங்கில் அதே வேரினின்று பிறந்த சொல் எண்ணெயில் வறுபடுதலைக் குறித்து நிற்கின்றது. ஒரே அடுப்பினின்று இரு மொழிகள் இரு வேறு பொருளை எடுத்துச் சென்ற விதம் எம்மனோர்க்கு இன்பந் தருவது.

இனி இறைச்சி. ஆட்டிறைச்சியினும் கோழியினும் வான்கோழியை யாம் ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் அதன் கொழுப்புக் குறைவும் புரத மிகுதியுமே. அதன் இறைச்சியில் நூற்றுக்கு 20 முதல் 24 பங்கு வரை புரதம் உண்டு. வளர்ந்தவர்க்கு உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் அளவிட்டது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர்க்கு அஃது ஏறத்தாழ 50 கிராம். அரைக் கிலோகிராம் வான்கோழிக் கொத்துக்கறியை நால்வர் பகிர்ந்துண்டால், ஒவ்வொருவரும் அவ்வளவிற் பாதியை அவ்வொரு வேளையிலேயே பெறுவர்.

இப்பறவையின் பெயரைக் கேட்டதும் தமிழ் பயின்றார் உள்ளம் மூதுரைக்கு ஓடும். மயிலின் ஆட்டத்தைக் கண்டு தானும் சிறகு விரித்த பறவையாக அந்நூல் அதனை நகையாடுகின்றது. ஆனால் இன்று நாம் வான்கோழி எனக் கூறும் பறவையின் தாயகம் அமெரிக்கா. மெக்சிகோ நாட்டார் அதனை வீட்டுப் பறவையாக்கினர். ஸ்பானியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். 1612-ஆம் ஆண்டில் கோவாவினின்று தம் அலுவலர் கொணர்ந்த அரிய உயிர்களுள் இதனைக் கண்டு வியந்த ஜஹாங்கீர் பேரரசர், தம் அவை ஓவியராகிய மன்சூரைக்கொண்டு அதன் உருவத்தை எழுதுவித்தார்; அவ்வோவியம் இன்று இலண்டன் பொருட்காட்சிச்சாலையொன்றில் உள்ளது. பேரரசர்க்கே புதுமையாயிருந்த பறவை தமிழ்ச் சிறார் பாடத்தில் முன்னரே இடம்பெற்றது எங்ஙனம்? அச்செய்யுள் காலத்தாற் பிற்பட்டதாதல் வேண்டும். அன்றேல் வேறொரு நாட்டுப்பறவையின் பெயரைப் புதிதாக வந்த இதற்கு நம்மவர் இட்டிருத்தல் வேண்டும். பின்னதே பொருந்தும் என்பது எம் கருத்து. புதிய உயிர்க்குப் பழைய பெயரிடுதல் உலக வழக்கன்றோ! ஆங்கிலேயர் இதனைத் துருக்கி நாட்டின் பெயரால் அழைக்கின்றனர்; துருக்கியர் இந்தியாவின் பெயரால் அழைக்கின்றனர்; பிரெஞ்சுக்காரர்க்கும் இது இந்தியப் பறவையே; ஒல்லாந்தர் நம் கோழிக்கோட்டின் பெயரை இதற்கு இட்டனர். தான் பிறந்த நாட்டைத் தவிர மற்றெல்லா நாட்டின் பெயரையும் பெற்ற பறவை இது.

நம் நாட்டில் இதனை வளர்த்தற்கு வழிகாட்டியது சென்னை நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம். நாட்டுக் கருநிற வான்கோழியைப் பெல்ட்ஸ்வில் சிறுவெண்மை என்னும் அமெரிக்க இனத்தோடு கலந்து, தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்தைத் தாங்கவல்ல நந்தனம் வான்கோழி என்னும் இனம் அங்கு உருவாக்கப்பெற்றது. பெல்ட்ஸ்வில் இனம் தோன்றிய வரலாறு எம் பொருளுக்கு மிக நெருங்கியது. 1930-களில் அமெரிக்க வேளாண்துறையார், பெரும் பறவை சிறு குடும்பத்தின் அடுப்பிற் கொள்ளாது என்பது கண்டு, சிறிய பறவையொன்றை வேண்டி ஆராய்ந்து அவ்வினத்தை உண்டாக்கினர். வீட்டுச் சமையலின் எளிமைக்காகவே பிறந்த இனத்தின் குருதி நம் நாட்டுப் பறவையிலும் கலந்துள்ளது.

எனினும் முழுப் பறவை இன்றும் ஒரு சிறு குடும்பத்துக்கு மிகுதியே. கிறிஸ்து பிறப்பு விழாவில் அதனை முழுதாகச் சுட்டு மேசைமேல் வைக்கும் ஆங்கிலேய வழக்கத்தை நம்முட் சிலரும் மேற்கொள்ள விரும்புகின்றனர். தமிழர் இல்லங்களிற் பெரும்பாலானவற்றில் அதற்கேற்ற அடுப்பில்லை. இருப்பினும் இடர் ஒழியாது; தொடை வேகுமுன் மார்பிறைச்சி வறண்டுவிடும். கொத்துக்கறியில் அவ்விடர் இல்லை. தொடையின் கருத்த இறைச்சியும் மார்பின் வெளுத்த இறைச்சியும் ஒன்றாய்க் கலத்தலின், ஒன்றன் கொழுப்பு மற்றொன்றன் வறட்சியைப் போக்கும். ஆட்டிறைச்சியைக் கூறுபோட்டு வாங்குதல் போல, நான்கு குடும்பத்தார் கூடி ஒரு பறவையை வாங்கிக் கூறிட்டுக்கொள்ளுதலே நன்று. வான்கோழி கிடையாத விடத்துக் கோழிக் கொத்துக்கறியைக் கொள்க, முறை மாறாது.

நால்வர்க்கு வேண்டும் பொருள்கள் இவை: கொத்துக்கறி அரைக் கிலோகிராம், காரட்டும் பீன்ஸும் தனித்தனியே 150 கிராம், முட்டைக்கோசு 100 கிராம், குடைமிளகாய் ஒன்று, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி, பச்சைமிளகாய் மூன்று, கறிவேப்பிலை ஓரிணுக்கு, கடலையெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு, எலுமிச்சம்பழம் பாதி. சோயாச்சாறு கிடைப்பின் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். சேர்ப்பின் உப்பைக் குறைத்தல் வேண்டும். கடலையெண்ணெயை யாம் விதந்து கூறியது, அது மிக்க வெப்பத்தையும் எளிதிற் கருகாது தாங்கும் என்பதனால்.

அடுப்பு மூட்டுமுன்னரே அரிதல் யாவும் முடிந்திருத்தல் வேண்டும். இதில் மட்டும் யாம் எவர்க்கும் விலக்களிக்க மாட்டோம். ஒரு கையில் வெங்காயத்தை அரிந்துகொண்டே மறுகையாற் சட்டியைக் கிளறும் திறமையை நம் தாய்மார் குழம்பு வைக்கும்போது காட்டுவர். குழம்பு காத்திருக்கும், துவட்டல் காத்திராது. காரட்டையும் பீன்ஸையும் தீக்குச்சியினும் சற்றுப் பருமனாக நீளவாட்டில் அரிக. முட்டைக்கோசையும் குடைமிளகாயையும் அகன்ற இதழ்களாக அரிக. அரிந்தவற்றைக் கழுவாமல், கழுவியவற்றைத் துணியால் துடைத்தபின் அரிதல் வேண்டும். இவ்வரிதல் வேலையைத்தான் வீட்டிலுள்ள ஆடவரும் பள்ளிச்சிறாரும் மேற்கொள்ளத் தக்கது. இருவர் கூடினால் கால்மணி நேரத்தில் முடியும்.

ஈரத்தைப்பற்றி இத்துணை அஞ்சுவானேன்? நீர் 100 பாகை வெப்பத்திற் கொதிக்கும்; சட்டியில் நீர் உள்ளவரையில் அதனுட் கிடக்கும் பொருள் அவ்வெப்பத்தைக் கடவாது. இறைச்சியின் நிறம் சிவந்து மணம் எழுதற்கோ ஏறத்தாழ 140 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். புரதமும் சர்க்கரையும் வெப்பத்திற் கூடி இம்மாற்றம் நிகழ்வதனை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி காமில் மயார் என்பார் பெயரால் அறிவியலார் அதனை வழங்குகின்றனர். ஒரு கிராம் நீரை அறைவெப்பத்தினின்று கொதிநிலைக்கு உயர்த்த ஏறக்குறைய 70 கலோரி போதும். அதே நீரை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். சட்டியிற் சிந்திய ஒரு சிரங்கை நீர், அடுப்பின் வெப்பத்தை எவ்வாறு கொள்ளையிடும் என்பதை இதனால் உணரலாம். இறைச்சியில் ஏறக்குறைய முக்காற்பங்கும், முட்டைக்கோசில் பத்திலொன்பது பங்குக்கு மேலும் நீரே. அது வெளிப்பட்டவுடனே ஆவியாகிவிடும்படி சட்டி சூடாயிருப்பின் கறி துவளாது சிவக்கும்; அன்றேல் தன் நீரிலேயே வெந்து வெளிறிப்போம். உப்பை இறுதியில் இடுதலும் இக்காரணம் பற்றியே. முன்னர் இட்ட உப்பு காயிலும் கறியிலுமுள்ள நீரை வெளியே இழுத்துவிடும்.

கனத்த இருப்புச்சட்டியை அடுப்பிலேற்றி, நீர்த்துளி தெறித்து ஓடுமளவு சூடாக்குக. இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கொத்துக்கறியிற் பாதியை மட்டும் பரப்புக. முழுவதையும் ஒருங்கே இடின் சட்டி குளிர்ந்து நீர் தேங்கும். பரப்பிய பின்னர் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க. ஓயாது கிளற வேண்டும் என முன்னர்க் கூறியதற்கு இது முரணன்று. அடிப்பக்கம் சிவத்தற்கு அவ்வமைதி வேண்டும். பின்பு தோசைத்திருப்பியாற் புரட்டி, கட்டிகளை உடைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் கிளறுக. இளஞ்சிவப்பு நிறம் எங்கும் எஞ்சாதபோது எடுத்து வேறு தட்டில் வைத்து, மறுபாதியையும் அவ்வாறே செய்க.

மிகுந்த எண்ணெயைச் சட்டியில் விட்டு, கறிவேப்பிலையும் நசுக்கிய இஞ்சி பூண்டும் கீறிய மிளகாயும் இட்டு, மணம் எழுந்தவுடன் வெங்காயத்தைச் சேர்க்க. அரைநிமிடம் சென்றதும் காரட்டும் பீன்ஸும். அவை வலியன, மூன்று நிமிடம் வேண்டும். அதன்பின் முட்டைக்கோசும் குடைமிளகாயும். இவற்றிற்கு ஒன்றரை நிமிடம் மிகையே. தீயைக் குறையாது கிளறிக்கொண்டே இறைச்சியைத் திரும்பச் சேர்த்து, உப்பும் மிளகும் தூவி, ஒரு நிமிடத்தில் இறக்குக. எலுமிச்சஞ்சாறு இறக்கிய பின்னரே. மூடிவைத்தல் ஆகாது; மூடியில் திரண்ட நீர் மீண்டும் கறியில் விழும். அடுப்பு எரிந்தது பதினைந்து நிமிடத்துக்கு மேற்படாது. சோற்றோடும் சப்பாத்தியோடும் இது பொருந்தும். எம் வீட்டில் தோசைக்குள் வைத்து மடித்தும் உண்பதுண்டு.

இவ்வூரிற் கிருத்திகை நாளைப்பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். ஆடிக் கிருத்திகையிற் காவடியேந்திய அடியவர் கூட்டம் ஊரை நிறைக்கும். மாதந்தோறும் வரும் கிருத்திகையிலும் எம் வீட்டைச் சூழ்ந்தார் பலர் புலால் நீக்கி நோன்பு நோற்பர். அந்நாட்களில் எம் இல்லத்திலும் புலால் சமைப்பதில்லை. இஃது எம் பாட்டியார் ஏற்படுத்திய வழக்கம். எம் சமயம் இதனை விதித்ததுமன்று, விலக்கியதுமன்று. "கறி சிவக்கிற வாசனை நம்ம மதிலோட நிக்குமா? பக்கத்து வீட்டு அக்கா காலையிலேருந்து பட்டினி" என்பதே அவர் கூறிய காரணம். டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, ஆண்டின் நாட்களுக்கு ஒவ்வொன்றாக அமைந்த 365 படிகளிலும் பூசை செய்து பாடிக்கொண்டு மக்கள் மலையேறும் படித் திருவிழாவும், எம் கிறிஸ்து பிறப்பு விழாவின் வாரத்திலேயே வருகின்றது. அவ்வாரத்தில் வான்கோழி வாங்குவோமாயின் 25-ஆம் நாளுக்கு முன்னரே வாங்கி முடித்துவிடுவோம். கிருத்திகைகளில் அதே சட்டியில் அன்று. அதற்கெனத் தனியே வைத்துள்ள மற்றொரு சட்டியில் மொட்டுக் காளானை இம்முறையிலேயே துவட்டிப் பக்கத்து வீட்டுக்கும் அனுப்புவதுண்டு. சட்டி வேறென்பதை அவர்கள் கேட்டதில்லை. பாட்டியார் தாமே காட்டிவிட்டார். காளானிலும் பத்திலொன்பது பங்கு நீரே. ஆதலின் மேற்கூறிய விதிகள் யாவும் அதற்கும் பொருந்தும். இடம்விட்டுப் பரப்புதலும், உப்பை இறுதியில் இடுதலும் இன்னும் கருத்தோடு செய்யத்தக்கன.

இறைச்சியைக் காத்தல்பற்றி யாம் கூற வேண்டுவது சிலவே. முழுத்துண்டத்தில் நுண்கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும். கொத்தும்போதோ அரைக்கும்போதோ அவை உள்ளெங்கும் கலந்துவிடும். ஆகவே ஆட்டிறைச்சித் துண்டத்தைச் சிறிது வேகாமல் உண்டு தப்பினவர், கொத்துக்கறியில் அத்துணிவைக் காட்டலாகாது. உள்வெப்பம் 74 பாகையை எட்டுதல் வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், பெருங்கட்டி ஒன்றை உடைத்துப் பார்த்து நடுவிலும் சிவப்பின்மையை உறுதிசெய்க. கொத்திய கறியை நீரில் அலசுதல் வேண்டா. கிருமி போகாது, அடுப்படியெங்கும் தெறிக்கும், கறியும் ஈரமாகும். பறவையைத் துண்டமாக வாங்கி வந்து, சமைக்கும் நாளிலேயே கொத்திக்கொள்ளுதல் சிறப்பு. கொத்தியதை வாங்கினால் குளிர்ப்பெட்டியில் ஒருநாள் வைக்கலாம், இரண்டாம் நாளுக்கு மேல் ஆகாது. பச்சை இறைச்சி பட்ட கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் அவற்றிற் காய்கறியை அரிதல் கூடாது; காயை முதலில் அரிந்து இறைச்சியைப் பின்னர்க் கொத்தினால் அவ்வச்சமும் இல்லை, ஒருமுறை கழுவுதலோடு வேலையும் ஒழியும். எஞ்சிய எலும்பை மிளகும் சீரகமும் இட்டுச் சிறு தீயில் வைத்துவிட்டால், இரவு உறங்கச் செல்லுமுன் மறுநாட் சாற்றுக்கு வேண்டிய நீர் ஆயத்தமாயிருக்கும்.